இருபத்தைந்து வயதில் அவரைக் கொண்டுவாருங்கள்

என் புருஷன் பயந்து ஒதுங்கிக்கொண்டார் என்று செஞ்சியில் இன்றும் சொல்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் சொல்கிறார்கள், சந்தையில் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்துகொண்டே ஒருவர் சொன்னார். அவர் பயப்படவில்லை. சண்டையை நிறுத்தியது நான். ஏன் நிறுத்தினேன் என்று அப்போது சொல்ல முடியாமல் இருந்தது. இப்போது சொல்லலாம் என்று ஆகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை. மல்லாட்டை மண்டியில் கோணி தைப்பது என் வேலை. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். கூடத் தைக்கிற பெண்கள், "இவளுக்கு வாயையும் சேர்த்துத் தெச்சுட்டாங்கடி" என்று கேலி பேசுவார்கள். நான் சிரித்துவிட்டு ஊசியில் சணலைக் கோர்ப்பேன்.

என் புருஷன் அதே மண்டியில் மூட்டை தூக்கினார். அதற்கு முன்னால் அவர் மெட்ராஸில் துறைமுகக் கூலி. வெள்ளைக்காரன் இருந்த கடைசி வருஷங்களில் அங்கே குத்துச்சண்டையில் அவர்தான் சாம்பியன். அவர் இறங்குகிறார் என்றால் கொட்டகை நிரம்பிவிடும். எங்கள் ஊரில் சில பெரியவர்களுக்குக் குஸ்திக்கும் குத்துச்சண்டைக்கும் வித்தியாசம் தெரியாது. "குஸ்திக்காரரே" என்று கூப்பிடுவார்கள். அவர் திருத்தமாட்டார். எனக்குத்தான் எரியும்.

அவர் சண்டை போட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. கல்யாணமான புதிது. பெண்கள் அங்கே போகிற வழக்கமில்லை. கொட்டகைத் துணியில் ஒரு கிழிசல் இருந்தது, அதன் வழியாகப் பார்த்தேன். எதிராளி பெரிய உடம்பு. இவர் பின்னால் போகவே இல்லை. அடி வரும்போது ஒரு பாதம் பக்கவாட்டில் நகர்வார், அவ்வளவுதான். அடி காற்றில் போகும். இப்படியே வெகுநேரம் போனது. பிறகு விலாவுக்குக் கீழே குட்டையாக ஒரு குத்து. நான் நின்ற இடத்துக்குச் சத்தம்கூட வரவில்லை. அந்தப் பெரிய உடம்பு சாப்பிட உட்கார்வது போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.

அதைப் பார்த்தவள் நான். டீக்கடையில் பேசியவர்கள் யாரும் பார்த்ததில்லை.

மண்டிக்கு எதிரிலேயே அந்த டீக்கடை. அரிசிக்கு எல்லோரும் ரேஷன் கடையில் கால் கடுக்க நின்ற காலம் அது. அப்போதும் அந்த பெஞ்சில் இடம் கிடைக்காது. அப்போது மெட்ராஸில் புதிதாக ஒரு சாம்பியன் வந்திருந்தார். பேப்பரில் அடிக்கடி படம் வரும். பக்கத்தில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர் அந்தப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். இளைஞர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

"நிக்கறதப் பாருய்யா. கால் தரையில படுதா பாரு."

"கால் தரையில படலன்னா எப்படிய்யா குத்துவான்? வவ்வாலா அவன்?" இது டீக்கடைக்காரர்.

"நம்ம அண்ணன் மரம் மாதிரி நிப்பாரு. இவன் சுத்திச் சுத்தி வந்து கொத்திட்டே இருப்பான். மூணாவது ரவுண்டுல அண்ணன் படுத்துடுவாரு."

"மரத்தக் கொத்துனா மூக்குதான்யா உடையும்."

பிறகு இரண்டு டீ கிளாஸை பெஞ்சின்மேல் வைத்துக்கொள்வார்கள். ஒன்று என் புருஷன், ஒன்று புதுச் சாம்பியன். சைக்கிள்காரர் ஒரு கிளாஸை மற்றதைச் சுற்றி வட்டமாக நகர்த்திக் காட்டுவார். "அந்தக் காலத்து கிளவுஸு சின்னது, பஞ்சு கம்மி, அடி எலும்புல எறங்கும்" என்று ஒருவர் சொல்வார். "இப்ப பயிற்சி வேறய்யா, சாப்பாடு வேற" என்று இன்னொருவர். "நீங்க எப்படியோ போங்க, கிளாஸ ஒடைக்காதீங்க" என்று டீக்கடைக்காரர் கத்துவார். சாலைக்கு இந்தப் பக்கம் தைத்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடைசியில் அவரையே கேட்பார்கள். "அண்ணே, நீங்களே சொல்லிடுங்க. ஒங்க காலத்து நீங்க, இந்தக் காலத்து அவன். யாரு?"

அவர் டீயை ஊதிக் குடித்துவிட்டு, "அவன்தான்" என்பார்.

ஒவ்வொரு தடவையும் அதே பதில். எனக்கு விரலில் ஊசி ஏறும். வீட்டில் சோறு போடும்போது ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"ஏன் அப்டிச் சொல்றீங்க?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"பொய் சொல்றீங்க."

"பொய் இன்னா? ஒவ்வொரு காலத்துலயும் அடிக்கறது மாறுது. அவன் கால் வேகம் எனக்கு இருந்ததில்ல. படத்துலயே தெரியுது."

"படத்துல கால் நிக்குது. வேகம் எங்கேர்ந்து தெரிஞ்சுது ஒங்களுக்கு?"

சிரித்துவிட்டார். "நீ வந்து டீக்கடையில உக்காரு. சைக்கிள்காரன் கடைய மூடிட்டு ஓடிடுவான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர்க் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சின்ன வயதில் போரில் செத்த ராஜாவைப் பற்றித்தான் கேட்பார்கள். குதிரைமேல் அவர் எப்படி இருந்தார், வாளை எப்படிச் சுழற்றினார் என்று கேட்பார்கள். ஐம்பது வயதில் அவருக்கு முட்டி வலித்திருக்குமா என்று யாரும் கேட்டதில்லை. செத்துப்போனவருக்கு அந்த வசதி இருக்கிறது. என் புருஷன் உயிரோடு இருந்தார். தினமும் எல்லோர் கண் முன்னாலும் மூட்டை தூக்கினார். நரைத்த மார்பையும் வீங்கிய விரல் முட்டிகளையும் பார்த்துக்கொண்டே அவருடைய இருபத்தைந்து வயதை எடை போட்டார்கள். அந்தத் தராசு எனக்குச் சம்மதமில்லை.

இப்போது கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் மெட்ராஸை விட்டு வந்தது தோற்றுப்போய் அல்ல. அவருடைய இடது கண்ணில் ஒளி மங்கிக்கொண்டே வந்தது. தலையில் இன்னொரு பலமான அடி விழுந்தால் நல்ல கண்ணும் போய்விடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதோடு விட்டுவிட்டு ஊருக்கு வந்தோம். இங்கே வந்த சில வருஷங்களில் இடது கண் முழுசாகப் போய்விட்டது. பார்க்க நல்ல கண் மாதிரியே இருக்கும். யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது. லாரிக்கு மூட்டை ஏற்றுவது ஒரு பலகைமேல். அரைக் குருடனைப் பலகைமேல் ஏற எந்த மேஸ்திரி விடுவான்? யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அதனால் பலகைக்கு இடப்பக்கம்தான் நான் எப்போதும் உட்கார்ந்து தைப்பேன். கோணியில் சணலை இழுக்கும்போது சர்ரென்று ஒரு சத்தம் வரும். பலகையின் ஓரம் எங்கே என்று அவருக்குக் காட்டுவது அதுதான். அவர் மூட்டையோடு பலகையில் கால் வைத்ததும் நான் நீளமாக இழுப்பேன். மேலே போய்ச் சேர்கிறவரைக்கும் இழுத்துக்கொண்டே இருப்பேன். "வெயில்ல இன்னாடி அங்க, நெழலுக்கு வா" என்று மற்றவர்கள் கூப்பிடுவார்கள். எனக்கு இங்கேதான் காற்று வருகிறது என்பேன்.

அந்த வருஷம் பொங்கலுக்கு, தொண்டூர்ப் பக்கம் பெண் எடுத்திருந்த அந்தப் புதுச் சாம்பியன் மாமியார் வீட்டுக்கு வந்தார். சைக்கிள்காரருக்குத் தரையில் கால் நிற்கவில்லை. காணும் பொங்கலன்று ஊரே கோட்டைக்கு வரும், சந்தை மைதானத்தில் ரெண்டு பேரையும் நிறுத்தினால் என்ன என்று ஓடினார். புதுச் சாம்பியன் சரி என்றார். பிறகு சைக்கிள்காரர் என் புருஷனிடம் வந்தார்.

"சும்மா மூணு ரவுண்டுண்ணே. வெளாட்டுக்கு. இத்தன வருஷமா வாயால பேசினோமே, ஒரு தடவ கண்ணால பாத்துடலாம்."

"செய்யலாம்" என்றார் என் புருஷன்.

வீட்டுக்கு வந்ததும் நான் அழுதேன், கத்தினேன், அடுப்பு பற்றவைக்க மாட்டேன் என்றேன். "அவன்தான் ஜெயிப்பான்னு நீங்கதான சொன்னீங்க? அப்புறம் எதுக்கு?"

"அவன் குத்து எப்படி இருக்குதுன்னு பாக்கணும்."

"கண்ணு போயிட்டா?"

"போவாது. எனக்குத் தெரியும்."

மறுநாளிலிருந்து விடிந்ததும் கோட்டை அகழி ஓரமாக ஓடிவிட்டு வந்தார். தண்ணீர்ப் பானைக்கு முன்னால் நின்று கையை வீசிப் பார்த்தார். நான் பார்ப்பது தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். எதிராளியின் குத்து எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்கப் போகிறவர் செய்கிற காரியமா இது? எனக்கு அப்போதே சந்தேகம்.

மைதானத்தில் நாலு சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டினார்கள். கட்டாந்தரையாக இருக்கிறதே என்று சைக்கிள்காரர் யோசித்தபோது, என் புருஷன் ஒரு வழி சொன்னார். மல்லாட்டைத் தோலைக் கொட்டிப் பரப்பி மேலே தார்ப்பாய் போட்டால் மெத்தை மாதிரி இருக்கும், விழுந்தால் அடிபடாது. "அண்ணன் மூளையே மூளை" என்று சைக்கிள்காரர் வண்டி கட்டிக்கொண்டு போனார். எங்கள் மண்டிக்காரர் மேல்சித்தாமூர்ச் சமணர், எறும்பு போகிற வழியில் கால் வைக்காதவர். தோலை வேண்டிய மட்டும் அள்ளிக்கொள்ளச் சொன்னார். வேடிக்கை பார்க்க மட்டும் வரவில்லை.

காணும் பொங்கல் மத்தியானம். கரும்பு கடித்துக்கொண்டு ஊரே நின்றது. மரத்தின்மேலும் ஆட்கள். நான் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் நின்றேன். புதுச் சாம்பியன் கயிற்றுக்குள் வந்தார். படத்தில் பார்த்ததைவிடச் சின்ன முகம், மரியாதையான ஆள். என் புருஷனுடைய காலைத் தொடக் குனிந்தார். இவர் தடுத்துவிட்டார். அப்புறம் அவர் இரண்டு அடி நகர்ந்தார். தார்ப்பாய்க்குக் கீழே மொறுக் மொறுக்கென்று சத்தம். நின்றுவிட்டார்.

"கீழ இன்னாது இது?"

"மல்லாட்டைத் தோலு தம்பி. விழுந்தா அடிபடக் கூடாதுன்னு" என்றார் சைக்கிள்காரர்.

"விழறதுக்கு முன்னாடி நிக்கணுமேண்ணே. கணுக்கால் பெரண்டுடும்."

கூட்டம் சிரித்தது. "மாமியார் வூட்டுப் பலகாரத்த மிதிக்கறாரு பாரு" என்று ஒருவன் கத்தினான். அவர் இன்னொரு முறை கால் வைத்துப் பார்த்தார். மொறுக்கென்றது. அந்தச் சத்தத்துக்கு என் புருஷனுடைய தலை சட்டென்று திரும்பியது. அவருக்கு இடப்பக்கம்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மெத்தைக்காக அவர் தோல் போடச் சொல்லவில்லை. மண்டியில் என் சணல் சத்தம் எதற்கோ, இங்கே தோல் சத்தம் அதற்கு. எதிராளி இடப்பக்கம் கால் வைத்தால் காதுக்குத் தெரியும். டீக்கடையில் அத்தனை நாளும் அவன்தான் அவன்தான் என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், ஜெயிக்கத் திட்டம் போட்டுக்கொண்டு உள்ளே நின்றிருந்தார். ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குள் சைக்கிள்காரர் நாலு பேரைக் கூப்பிட்டுத் தார்ப்பாயைச் சுருட்டினார். தோலைக் கூடை கூடையாக வெளியே வாரிப் போட்டார்கள். வெறும் மண் தெரிந்தது. மண்ணில் காலடிச் சத்தம் கேட்காது. என் புருஷன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கையை நீட்டி கிளவுஸ் கட்டச் சொன்னார்.

நான் கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன். எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். கால் போனது.

சைக்கிள்காரர் ஓடிவந்தார். "இன்னா அண்ணி? தண்ணி குடுக்கணுமா?"

"சண்டை நடக்காது" என்றேன்.

எனக்கே கேட்காத குரல். "இன்னா சொல்லுது?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். இன்னொரு முறை சொன்னேன். இந்த முறை கேட்டது.

"அண்ணன் பயந்துட்டாருய்யா! பொண்டாட்டிய அனுப்பிட்டாரு!"

"சோத்துக்கு நேரமாயிடுச்சாம், கூட்டிக்கினு போவ வந்துருக்குது!"

என் புருஷன் முகம் கறுத்துவிட்டது. "வெளிய போ" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அப்படி அவர் என்னிடம் பேசியதே இல்லை.

கண்ணைப் பற்றிச் சொல்லியிருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். சத்தியம் இருந்தது, பலகை இருந்தது. அதனால் என் மனசில் வெகுநாளாக இருந்த வேறொரு உண்மையைச் சொன்னேன்.

"டீக்கடையில என்ன கேட்டீங்க? அந்தக் காலத்து இவரா, இந்தக் காலத்து அவரான்னு கேட்டீங்க. கேளுங்க, வேணாங்கல. ஆனா இங்க நிக்கறது யாரு? அவரு வயசோட நிக்கறாரு. இவரு வயசு எங்க? இவர இருபத்தஞ்சு வயசுல கொண்டாங்க. கொண்டாந்து நிறுத்திட்டு அப்புறம் மணி அடிங்க. நானே மொத ஆளா உக்காந்து பாக்கறேன்."

"அதெப்படி அண்ணி கொண்டார்றது?" சைக்கிள்காரர் பல்லைக் காட்டினார்.

"முடியாதில்ல? அப்ப இது அந்தக் கேள்வி இல்ல. சின்னவன் பெரியவன அடிப்பானான்னு பாக்கறீங்க. அதப் பாக்க ஊர் கூடணுமா? ஒங்க வூட்லயே ஒங்க நைனாவ நிறுத்திப் பாருங்க."

பெண்கள் பக்கத்தில் யாரோ கை தட்டினார்கள். கோணி தைக்கிறவள்தான் ஒருத்தி. ஆண்கள் பக்கம் இன்னும் கூச்சல். நான் நகரவில்லை.

புதுச் சாம்பியன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் புருஷனுக்குக் கிட்டத்தில் வந்து நின்றார். கும்பிடுவது போலக் கொஞ்சம் குனிந்து, வலது கையை மட்டும் மெதுவாகத் தூக்கினார். கிளவுஸ் போட்ட கை என் புருஷனுடைய இடது காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அங்கேயே நின்றது. என் புருஷன் என்னை முறைத்துக்கொண்டிருந்தார். அவருடைய இமைகூட அசையவில்லை.

அந்தக் கை கீழே இறங்கியது. புதுச் சாம்பியன் பல்லால் கயிற்றை இழுத்து கிளவுஸை அவிழ்த்தார். "நான் இவரோட நிக்கமாட்டேன்" என்றார். ஏன் என்று சைக்கிள்காரர் கேட்டதற்கு, "நிக்கமாட்டேன்னா நிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கிழவனைப் பார்த்துப் பாவப்பட்டான் என்று ஊர் முடிவு செய்தது. கிழவன் பயந்தான் என்பதும் அதோடு ஒட்டிக்கொண்டது.

வீட்டில் பல நாள் பேச்சு இல்லை. நான் வைத்த சோற்றைச் சாப்பிட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. மண்டியில் நான் வழக்கம்போல இடப்பக்கம் உட்கார்ந்து சணலை இழுத்தேன். அவர் பலகையில் ஏறினார். அது மட்டும் நிற்கவில்லை. எங்களுக்குள் அப்போது இருந்த பேச்சு அதுதான்.

ஒரு சாயங்காலம் கை கழுவிவிட்டு வந்தவர் நிலைப்படியில் நின்றபடியே கேட்டார்.

"அவன் எப்படிக் கண்டுபுடிச்சான்?"

"கைய தூக்கிப் பாத்தாரு."

"எப்போ?"

"நீங்க என்ன மொறைச்சுக்கிட்டு இருந்தப்போ. ஒங்க காதுகிட்ட வெச்சுக்கிட்டே நின்னாரு."

அவர் இடது கையைத் தன் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். "எனக்குத் தெரியல" என்றார்.

பிறகு, "தோல எடுக்காம இருந்தா?" என்றார்.

"அப்பவும் விட்டிருக்க மாட்டேன்."

"ஒன்ன யாரு கேட்டா" என்றார். ஆனால் உட்கார்ந்து என்னோடு சாப்பிட்டார்.

போன அறுவடையிலிருந்து அவர் மூட்டை தூக்குவதில்லை. தோள்பட்டை போய்விட்டது. மண்டிக்காரரே கூப்பிட்டு குடோன் காவலுக்கு வைத்தார். அந்த வேலை கிடைத்த அன்று, "இனிமே யார்கிட்ட வேணாலும் சொல்லிக்கோ" என்று சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்தார். வாயால் சொன்னால் ஒருவர் ஒருவராகச் சொல்ல வேண்டும், அது என்னால் ஆகாது. எழுதிவிட்டால் எல்லோரும் படித்துக்கொள்ளட்டும். அந்தக் கல்யாணப் பந்திக்காரரும் படிக்கட்டும். இருட்டுப் பக்கத்தோடு, காதை நம்பி உள்ளே இறங்கி நின்றவரைப் பயந்தவர் என்று சொல்வதற்கு முன்னால் தன் ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சந்தைத் தெருவை ஒரு தடவை கடந்து பார்க்கட்டும்.

டீக்கடையில் இப்போதும் கிளாஸை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். பேசட்டும். நானும் என் கிளாஸை வைக்கிறேன். அந்தக் காலத்து என் புருஷன், இரண்டு கண்ணோடு, இந்தக் காலத்து அந்தத் தம்பி. தம்பி நல்லவர், கெட்டிக்காரர். சுற்றிச் சுற்றி வருவார், முதல் ரவுண்டுகள் எல்லாம் அவருடையவை. என் புருஷன் பின்னால் போகமாட்டார். ஒரு பாதம் பக்கவாட்டில் நகர்வார். தம்பிக்குக் கால் ஓய்ந்து ஒரு நொடி தரையில் நிற்கிற நேரம் வரும். அப்போது விலாவுக்குக் கீழே அந்தக் குட்டைக் குத்து.

இதை உரக்கப் படித்துக் காட்டினேன். பாயில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "அத அடிச்சுட்டு மாத்தி எழுது. அவன்தான் ஜெயிப்பான்னு எழுது" என்கிறார்.

எழுதமாட்டேன்.